ஹப்பான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த மூன்று நாள் அவகாசம்

  

 

எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும் அங்கே சில வீடுகளில் மற்றப் பிள்ளைகளைப் போல வளராத ஒரு பிள்ளை இருக்கும். நடை தாமதமாக வந்திருக்கும். பேச்சு வராமலே போயிருக்கும். மருத்துவர்கள் ஆட்டிசம் என்றோ, டவுன் சின்ட்ரோம் என்றோ, மூளை முடக்குவாதம் என்றோ, அறிவுசார் குறைபாடு என்றோ அதற்குப் பெயர் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும், சட்டைப் பித்தான் மாட்டுவதும் தாயின் வேலையாகிவிடுகின்றன. பிள்ளைக்கு இருபது வயதானாலும் அந்த வேலை ஓய்வதில்லை. அது பாசத்தால் செய்யப்படும் பணி. அதற்குரிய கூலியை அல்லாஹ் வீணாக்க மாட்டான். ஆயினும் அந்தத் தாய் தந்தையரின் நெஞ்சில் இரவும் பகலும் ஒரே கேள்விதான் நிற்கிறது: "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார் ஊட்டுவார்?"

இக்கேள்வியோடு இமாம்களிடம் வருவோருக்கு நாங்கள் துஆ செய்து, பொறுமையின் சிறப்பை எடுத்துச் சொல்லி அனுப்புகிறோம். அது அவசியமே, ஆனால் அது மட்டும் போதாது என்பதை வரலாறு காட்டுகிறது. அந்தப் பிள்ளை தன் கையாலேயே உண்ணவும், உடுக்கவும், ஒளூச் செய்யவும், கடைக்குப் போய்வரவும் பழக முடியுமா என்ற கேள்வியை முன்னோர்கள் கேட்டிருக்கிறார்கள், விடையும் கண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவின் கடைத்தெருவில்

அன்ஸாரி ஸஹாபிகளில் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்பவர் ஒருவர். இச்சம்பவம் அவருடைய தந்தை முன்கித் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு நிகழ்ந்தது என்று சொல்லும் அறிவிப்பும் உண்டு. தலையில் பட்ட பலத்த காயத்தினால் அவருடைய அறிவிலும் நாவிலும் பலவீனம் ஏற்பட்டிருந்தது. ஆனாலும் வியாபாரத்தின் மீது அவருக்குத் தீராத விருப்பம். கடைத்தெருவுக்குப் போவார், ஏமாந்து திரும்புவார். இதைக் கண்டு வருந்திய அவருடைய குடும்பத்தார் ரசூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் கொடுக்கல் வாங்கல் செய்வதற்குத் தடை விதிக்குமாறு வேண்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, வியாபாரத்தை விட்டுவிடும்படி சொன்னார்கள். அவரோ, தம்மால் அதை விட்டிருக்க இயலாது என்று முறையிட்டார்.

அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்புதான் நம் சிந்தனைக்குரியது. அவர்கள் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. துணையின்றி விட்டுவிடவும் இல்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் "லா கிலாபஹ்", அதாவது ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லும்படி அவருக்கு ஒரு சொல்லைக் கற்றுக் கொடுத்தார்கள். பொருளை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்ய மூன்று நாள் அவகாசமும் கொடுத்தார்கள். நாவு பிறழ்ந்ததால் அந்தச் சொல்லைக்கூட அவரால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. "லா கியாபஹ்" என்றே சொல்லி வந்தார் என ஹதீஸ் நூல்களில் காணப்படுகிறது. அந்தக் குறைபட்ட உச்சரிப்பே மதீனாவின் கடைத்தெருவில் செல்லுபடியாயிற்று.

அவர் நீண்ட ஆயுள் பெற்று, உஸ்மான் (ரலி) அவர்களுடைய ஆட்சிக்காலம் வரை வாழ்ந்தார். அப்போது மக்கள்தொகை பெருகி, அவரை அறியாதவர்களும் கடைத்தெருவில் இருந்தார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போய் அவர் தகராறில் நிற்கும்போது, அவ்வழியே செல்லும் ஸஹாபி ஒருவர், "இவர் சொல்வது உண்மை, இவருக்கு மூன்று நாள் அவகாசத்தை ரசூலுல்லாஹ் கொடுத்திருக்கிறார்கள்" என்ற கருத்தில் சாட்சி சொல்வார். உடனே வணிகர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஹப்பான் (ரலி) அவர்களுடைய குறைபாடு பிறவியில் வந்ததன்று, காயத்தால் வந்தது. அவர் சிறுபிள்ளையும் அல்லர். ஆயினும் கேள்வி ஒன்றே: ஒருவரால் ஒரு காரியத்தை முழுமையாகச் செய்ய முடியாதபோது, அந்தக் காரியத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதா, அல்லது அவர் செய்யும்படியாக ஓர் ஊன்றுகோலைக் கொடுப்பதா? நபிவழி இரண்டாவதைக் காட்டியது. அந்த ஊன்றுகோலுக்கு மூன்று பகுதிகள் இருந்தன: அவர் சொல்லத்தக்க ஒரு சிறு சொல், தவறினால் திருத்திக்கொள்ளக் கால அவகாசம், துணை நிற்கும் ஒரு சமுதாயம்.

கற்றுக் கொடுக்கும் முறைக்கும் அதே மதீனாவில் ஒரு சான்று உண்டு. ஓர் ஆட்டின் தோலை உரிக்கத் தெரியாமல் உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடந்து சென்றார்கள். சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் திருக்கரத்தை அக்குள் வரை நுழைத்துச் செய்து காட்டினார்கள். பின்னர் இவ்வாறே உரிக்கும்படி சொல்லிவிட்டுச் சென்றார்கள் என அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆட்டை முழுவதும் தாங்களே உரித்துக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்து காட்டினார்கள்; மீதியை அந்தச் சிறுவரிடமே விட்டார்கள்.

ஃபுகஹாக்கள் வகுத்த படிகள்

அநாதைகளின் பொருளை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் அவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சூரத்துந் நிஸாவின் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது. இந்தச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் ஃபுகஹாக்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம்முடைய மின்ஹாஜ் என்னும் நூலில் இதை விளக்குகிறார்கள். வியாபாரியின் மகனை வாங்குவதிலும் விற்பதிலும் விலை பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனை விவசாயத்தில் சோதிக்க வேண்டும். தொழிலாளியின் மகனை அந்தத் தொழிலில் சோதிக்க வேண்டும். பெண்பிள்ளையை நூல் நூற்பதிலும், பூனை வாய்வைக்காமல் உணவைப் பாதுகாப்பதிலும் சோதிக்க வேண்டும். ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. இரண்டு முறையோ அதற்கு மேலோ சோதனை திரும்ப நடக்க வேண்டும்.

இதில் நுட்பமான ஒரு செய்தி உள்ளது. பிள்ளை விலை பேசும். பேரம் முடிந்து ஒப்பந்தம் செய்யும் இடம் வந்தால் அதை வலீ, அதாவது பொறுப்பாளர் செய்வார். ஒரு காரியத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பிள்ளையால் இயன்ற பகுதியை அதற்கே விட்டு, இயலாத பகுதியில் மட்டும் பெரியவர் கைகொடுப்பது என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓதப்பட்டு வரும் பாடம்.

ஹனஃபி இமாம்கள் இன்னொரு பிரிவினையைச் செய்தார்கள். சித்தம் முற்றிலும் பிறழ்ந்தவரை "மஜ்னூன்" என்றும், விளக்கம் குறைந்து, பேச்சு குழம்பி, காரியங்களைத் திட்டமிட இயலாதவரை "மஃதூஹ்" என்றும் வேறுபடுத்தினார்கள். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷா அவர்களுடைய தலைமையில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. மஃதூஹ் என்பவர் நன்மை தீமை பிரித்தறியும் வயதுப் பிள்ளையின் நிலையில் வைக்கப்பட்டார். அத்தகைய பிள்ளைக்குச் சிறிதளவு பொருளைக் கொடுத்து, அனுபவம் பெறுவதற்காக வியாபாரம் செய்ய வலீ அனுமதிக்கலாம் என்றும் அச்சட்டம் சொல்லிற்று. வாய்ப்பே கொடுக்காமல் தகுதியில்லை என்று தீர்ப்பளிப்பது நம் சட்ட மரபல்ல.

பராமரிப்பிலும் முஸ்லிம் ஆட்சியாளர்கள் குறை வைக்கவில்லை. உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி: கி.பி. 705-715) நடக்க இயலாதவர்களுக்குப் பணியாளரையும், பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார்கள். 1154இல் டமாஸ்கஸிலும், 1284இல் கெய்ரோவிலும் எழுந்த மாபெரும் மருத்துவமனைகளில் மனநோயாளிகளும் பராமரிக்கப்பட்டார்கள். ஆனால் பணியாளரைக் கொடுப்பது ஒன்று. பணியைக் கற்றுக் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதை ஒரு கல்வி முறையாக வளர்க்கும் பணி பிற்காலத்தில் வேறு தேசத்தாரால் நடந்தது. ஞானம் எங்கிருந்தாலும் அதை எடுத்துக்கொள்வது முஃமினுக்கு அழகு.

பாரிஸிலிருந்து கொடைக்கானல் வரை

1800ஆம் ஆண்டு ஜனவரியில் பிரான்சு நாட்டின் அவேரோன் பகுதியில், காட்டில் தனித்துத் திரிந்த ஒரு சிறுவன் மக்கள் வாழும் இடத்துக்கு வந்து பிடிபட்டான். ஏறத்தாழ பன்னிரண்டு வயது, பேச்சில்லை, உடையில்லை. அவன் திருந்த மாட்டான் என்று அக்காலத்தின் பெரிய மருத்துவர்கள் கைவிரித்தார்கள். பாரிஸ் நகரின் காதுகேளாதோர் பள்ளியின் மருத்துவர் இட்டார் மட்டும் அவனைப் பொறுப்பேற்று, விக்டர் என்று பெயரிட்டு, ஐந்தாண்டுகளுக்கு மேல் பயிற்றுவித்தார். அன்றாடப் பராமரிப்பு கெரன் அம்மையார் என்னும் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. உடையைச் சிறுவனின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, குளிரை உணர்ந்து தானே எடுத்து அணியும் வரை காத்திருந்தார்கள். சில நாட்களில் அணியத் தொடங்கினான்.

விக்டரைப் பேச வைக்க வேண்டும் என்பதே இட்டாரின் ஆசை. அது நிறைவேறவில்லை, அவர் மனம் சோர்ந்தார். ஆனால் அதே சிறுவன் உடுத்தவும், விறகு அறுக்கவும், உணவு மேசையை ஒழுங்குபடுத்தவும் கற்றிருந்தான். கெரன் அம்மையாரின் கணவர் இறந்த சமயம், வழக்கம்போல அவருக்கும் தட்டு வைத்தான். அதைக் கண்டு அம்மையார் கலங்கியதும் அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டான். பிறகு ஒருநாளும் அதை வைக்கவில்லை. இட்டாரே தம் அறிக்கையில் எழுதியுள்ள சம்பவம் இது. நாவில் சொல் வராத பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை அவனுடைய கை வேலை வெளிப்படுத்தியது. 1828இல் இறக்கும் வரை விக்டர் அந்த அம்மையாரின் ஆதரவிலேயே வாழ்ந்தார்.

இட்டாரிடம் பயின்ற எதுவார் செகன் (1812-1880) இந்தப் படிப்பினையைப் பற்றிக்கொண்டார். எழுத்தையும் எண்ணையும் புகட்டுவதற்கு முன் உடலையும் புலன்களையும் பழக்க வேண்டும் என்றார். ஏணி ஏறுவது, பொருளைப் பிடிப்பது, பிடித்ததை விடுவது என்று சிறு அசைவுகளிலிருந்து தொடங்கினார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1866இல் தம் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார்.

ரோம் நகர மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் செகனின் நூல்களை ஆழ்ந்து கற்றவர். 1900ஆம் ஆண்டு வாக்கில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் அம்முறையைக் கையாண்டார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளுக்கான தேர்விலும் தேறினார்கள். 1907இல் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அதே முறையை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கினார். துணி பொருத்திய சட்டத்தில் பித்தான் மாட்டுவதும், நாடா கட்டுவதும், ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நீர் ஊற்றுவதும் அவருடைய பாடங்கள். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, 1942 முதல் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்து பணியாற்றினார். இன்று நாம் பணம் கட்டி நம் பிள்ளைகளைச் சேர்க்கும் மாண்டிசோரி பள்ளிகளின் வேர், யாரை நாம் "படிப்பு வராது" என்று ஒதுக்குகிறோமோ அந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்!

இந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. கற்பிப்பதற்காகத் தொடங்கிய இல்லங்கள் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மனிதர்களை ஆயுள் முழுவதும் அடைத்து வைக்கும் கட்டடங்களாக மாறின. 1959இல் டென்மார்க் நாடு, இவர்களும் மற்றவர்களைப் போன்ற வாழ்க்கைக்கு இயன்றவரை நெருங்கி வாழ வேண்டும் என்று சட்டம் செய்தது. 1972இல் மார்க் கோல்டு என்னும் அமெரிக்கர் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் 15 பாகங்கள் கொண்ட மிதிவண்டித் தடைக்கருவியைத் தம் கையாலேயே பூட்டக் கற்றுக்கொண்டார்கள். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்ததே அவர் கையாண்ட வழி.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்துள்ளன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையில், பாதுகாவலர் தாமாக முடிவெடுப்பதில்லை. அந்த நபரோடு கலந்து, இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு ஹப்பான் (ரலி) அவர்களே நினைவுக்கு வந்தார்கள்.

கடமை நீங்கியது, உரிமை நீங்கவில்லை

மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற ஹதீஸை நாம் அறிவோம். உறங்குபவர், பருவமடையாத சிறுவர், அறிவு தெளிவில்லாதவர் ஆகியோரின் மீது குற்றம் எழுதப்படாது. இது அல்லாஹ்வின் பெருங்கருணை. ஆனால் இந்த ஹதீஸைச் சொல்லியே இப்பிள்ளைகளுக்கு ஒன்றும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை என்று நாம் இருந்துவிடுகிறோம். கடமை அவர்கள் மீதிருந்து நீக்கப்பட்டதே தவிர, கற்கும் உரிமை நீக்கப்படவில்லை.

இதில் முதற் குற்றவாளி நானே. பல ஆண்டுகளுக்கு முன் என் மக்தபுக்கு வந்த ஒரு சிறுவனை, அலிஃபையும் பேயையும் பிரித்தறியவில்லை என்பதற்காக, "இவனுக்கு ஓத வராது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். அவனுடைய தந்தை ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஜும்ஆவில் அதே பையன் ஹவ்ளின் ஓரத்தில் அமர்ந்து, தந்தை தொடாமல் தானே ஒளூச் செய்வதைக் கண்டேன். முதலில் கால் கழுவுவதை மட்டும் அவனிடம் விட்டதாகவும், அது பழகியபின் தலைக்கு மஸ்ஹு செய்வதையும் சேர்த்து விட்டதாகவும், இப்படியே பின்னிருந்து முன்னாக வந்ததாகவும் அந்தத் தந்தை சொன்னார். இந்த முறைக்குச் சிறப்புக் கல்வியாளர்களிடம் தனிப் பெயரே உண்டு என்பதைப் பிறகு அறிந்தேன். கடைசிப் படியைப் பிள்ளை செய்து முடிக்கும்போது, முடித்தோம் என்ற மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சியே அடுத்த படிக்கு இழுத்துச் செல்கிறது. நான் அனுப்பிவிட்ட பிள்ளைக்கு, மதரஸாவில் ஓதாத ஒரு தந்தை உஸ்தாதாக நின்றார்.

அன்பார்ந்த பெற்றோர்களே! ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். கைலி உடுத்துவதோ, பல் துலக்குவதோ, இஸ்தின்ஜாச் செய்வதோ, தண்ணீர் மொண்டு குடிப்பதோ எதுவாயினும் சரி. அதைச் சிறு படிகளாகப் பிரியுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் செய்து காட்டுங்கள். கைமேல் கைவைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கையை எடுங்கள். பித்தான் மாட்ட ஐந்து நிமிடம் ஆனால் அந்த ஐந்து நிமிடமும் காத்திருங்கள். அவசரப்பட்டு நாம் மாட்டிவிடும் ஒவ்வொரு பித்தானும் பிள்ளையின் ஒரு நாள் பாடத்தைக் கெடுக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சில படிகள் வராமலே போகலாம். அங்கே நாம் வலீயாக நின்று கைகொடுப்போம். வந்த அளவுக்கு வந்தது அல்லாஹ்வின் அருள். முறையான பயிற்சி வேண்டுவோருக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனம் உள்ளது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உள்ளது.

ஜமாஅத்தார்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. மக்தபில் இப்பிள்ளைகளுக்கென வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கலாம். ஹவ்ளின் ஓரத்தில் ஒரு பிள்ளை மெதுவாக ஒளூச் செய்தால், பின்னால் நிற்பவர் முணுமுணுக்காமல் இருக்கலாம். ஸஃப்பில் சத்தம் எழுப்பினால் முறைத்துப் பார்க்காமல் இருக்கலாம். நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம். பத்து ரூபாயோடு ஒரு பிள்ளை தனியாக வந்து, கேட்க வந்ததை மறந்து நின்றாலோ, தவறான பொருளை வாங்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தாலோ, முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்போம். மதீனாவின் கடைத்தெரு ஹப்பான் (ரலி) அவர்களுக்குக் கொடுத்த மூன்று நாள் அவகாசத்தை, நம் தெருக் கடைகள் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். அந்த ஸஹாபிகளைப் போல, "இந்தப் பிள்ளை எங்கள் பிள்ளை" என்று சாட்சி சொல்லும் ஜமாஅத்தாக நாம் இருப்போம்.

"எங்களுக்குப் பிறகு யார்?" என்று கலங்கும் பெற்றோருக்கு நாம் கொடுக்கக்கூடிய விடை இதுவே: அந்தப் பிள்ளையின் கை செய்யக் கற்ற அளவுக்கு அந்தக் கை, அதற்கு மேல் இந்த மஹல்லா, எல்லாவற்றுக்கும் மேல் அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ ஒப்படைத்த இப்பிள்ளைகளின் விஷயத்தில் எங்களுக்குப் பொறுமையையும் விளக்கத்தையும் தந்தருள்வாயாக! அவர்களுடைய கைகளுக்கு ஆற்றலையும், அவர்களைப் பெற்றோரின் உள்ளங்களுக்கு அமைதியையும் தந்தருள்வாயாக! அவர்களை ஒதுக்கிய எங்கள் தவறுகளை மன்னித்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.